தலைகளை எண்ணினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கூட்டம் நகரும் விதத்தை ஆராயும் பௌதிகவியலாளர் டேர்க் ஹெல்பிங் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, மனிதரை அணுக்களாக எண்ணிக் கணக்குப் போட்டவர் என்று அவரைச் சுருக்கிவிட்டது. அணுவுக்குப் போகுமிடம் ஏது? 1995இல் பீட்டர் மொல்னாருடன் அவர் வெளியிட்ட 'சமூக விசை' மாதிரியில் ஒவ்வொருவருக்கும் சேருமிடமும், விரும்பும் நடை வேகமும் (சராசரியாகச் செக்கனுக்கு 1.34 மீட்டர்), பிறரையும் சுவரையும் விட்டு விலகும் போக்கும் உண்டு. அந்த நாட்டங்களுக்குக் கணிதம் வைத்த பெயர்தான் விசை. ஸ்டுட்கார்ட்டில் கலாநிதிப் பட்டம் பெற்று, ட்ரெஸ்டனில் வாகன நெரிசலை ஆராய்ந்தவர், 2007இல் சூரிச்சில் சமூகவியல் பேராசிரியரானார்.

வாசலுக்கு முன் ஒரு தூணை நட்டால் கூட்டம் விரைவாக வெளியேறும் என்று கட்டுரை புகழ்ந்தது 2000இல் வந்த கணினிக் கணிப்பு. அதன் உண்மையான செய்தி வேறு: ஒரு மீட்டர் வாசலை நோக்கி எல்லோரும் முண்டினால் தோள்கள் வளைவுபோல இறுகி வெளியேற்றம் குறைகிறது. தூண் உதவுமா என்பதில் பின்வந்த பரிசோதனைகள் ஒத்துப்போகவில்லை. மண்டபக்காரர்கள் தூண் நட அவசரப்பட வேண்டாம்.

கட்டுரை தொடாமல் விட்டதுதான் கொழும்புக்கு வேண்டியது. 2006 ஜனவரி 12இல், மக்காவுக்கு அருகே மினாவில் கல்லெறியும் சடங்கு நடக்கும் ஜம்ராத் பாலத்தின் வாயிலில் 340க்கும் மேற்பட்ட ஹஜ் யாத்திரிகர் இறந்தனர். வீடியோவை அலசியபோது, சீரான ஓட்டம் முதலில் நின்று நின்று நகரும் அலையாகவும், பின்னர் எல்லாத் திசையிலும் ஆளைத் தள்ளும் கொந்தளிப்பாகவும் மாறியது தெரிந்தது. அபாயத்தைக் காட்டியது அடர்த்தி மட்டுமல்ல; அடர்த்தியை வேகத்தின் மாறற்றிறனால் (வேகம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவால்) பெருக்கிய அளவு. இத்தகைய நெரிசலில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது மிதிபடுதல் அல்ல, நின்றபடியே நெஞ்சு நசுங்கி மூச்சடைத்தல்.

ஆடிவேல் ஊர்வலத்திலும் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவிலும் இந்த அபாயத்தைக் கவனிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒடுங்கிய இடத்தில் 2க்கு 2 மீட்டர் சதுரம் ஒன்றை வர்ணத்தால் வரைந்து, மேலிருந்து கமெராவில் பார்க்கலாம். உள்ளே 16 தலை என்றால் சதுர மீட்டருக்கு 4 பேர். வரவைக் குறைக்க வேண்டும். 20 ஆனால் நிறுத்த வேண்டும். 28ஐ எட்டினால் தன் காலடி தன் வசம் இராது. கூட்டம் நின்று நின்று நகரத் தொடங்கினால் எண்ணிக்கை குறைவாயினும் மறித்துவிட வேண்டும்.

மறிப்பது ஒடுக்கத்தில் அல்ல, மிகப் பின்னால். முன்னே நடப்பது பின்னால் நிற்பவருக்குத் தெரியாது; அவர் தள்ளிக்கொண்டே இருப்பார். மீட்டர் அகலத்துக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 1.3 பேர்தான் கடக்கலாம். 6 மீட்டர் தெருவில் கடைகள் 3 மீட்டரைப் பிடித்தால் நிமிடத்துக்கு 468 பேர் போன இடத்தில் 234 பேர். 5000 பேர் கடக்க 21 நிமிடம்.

ஓரிடத்தை மட்டும் திருத்தியும் பயனில்லை. ஜம்ராத் பாலம் புதிதாகக் கட்டப்பட்ட பின்னரும், 2015 செப்டெம்பர் 24இல் மினாவில் பாலத்துக்கு அப்பால் இரண்டு தெருக்கள் கூடும் சந்தியில் பெரும் உயிரிழப்பு நேர்ந்தது. நமது விழா வரைபடங்களில் ஊர்வலப் பாதை இருக்கிறது. கிளைத் தெருக்களிலிருந்து வரும் கூட்டம் எந்தச் சந்தியில் அதனோடு சேரும், அங்கே மறிக்கும் அதிகாரம் எந்தப் பொலிஸ் அதிகாரிக்கு என்பதையும் அதிலேயே குறிக்க வேண்டும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06