வேன் வாடகை வாத்தியார் பாக்கெட்டுல இருந்து

ஆசிரியருக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்க கல்விப் பக்கத்துல சஸ்டெயினபிள் பிசினஸ், அதாவது சுற்றுச்சூழலக் கெடுக்காம தொழில் பண்றது, அந்த எம்பிஏ பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சா ஈஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) வேலை வரிசையில நிக்கும்னு. நான் கோயமுத்தூர்ல அந்தப் படிப்புல ரெண்டாம் வருஷம். நீங்க எழுதுனது பொய்யின்னு சொல்ல வரலைங்க, ஆனா உள்ள உக்காந்து படிக்கறவங்க, பாடம் நடத்தறவங்க யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலைன்னு தெரிஞ்சுது. அதான் எழுதறேன், நீளமாப் போனா வெட்டிக்கோங்க.

மொத வருஷம் பூரா நாங்க படிச்சது அமெரிக்கா கதைங்க. இன்டர்ஃபேஸ்னு ஒரு கார்ப்பெட் கம்பெனி, அத நடத்துன ரே ஆண்டர்சன் 1994ல சுற்றுச்சூழலக் கெடுக்காம தொழில் பண்ணணும்னு மனசு மாறுனது. படகோனியாங்கற துணிமணி கம்பெனி ஓனரு 2022ல கம்பெனியவே சுற்றுச்சூழலுக்குன்னு எழுதி வெச்சது. நல்ல கதைதான், பரிட்சையிலயும் ரெண்டும் வந்துச்சு. ஆனா எங்க காலேஜ் வாசல்ல பஸ் ஏறுனா ஒன்றரை மணி நேரத்துல திருப்பூருங்க. 2011 ஜனவரியில ஹைகோர்ட்டு உத்தரவுல எழுநூறுக்கு மேல சாயப்பட்டறைய ஒரே மூச்சா மூடுன ஊரு, அதுக்கப்புறம் ஒரு சொட்டு சாயத்தண்ணிய வெளிய விடக்கூடாதுன்னு ஊரே தொழில் பண்ற முறைய மாத்திக்கிச்சு, இத விட என்ன கேஸ் ஸ்டடி வேணும்? சிலபஸ்ல ஒரு வரி இல்ல. எங்க அப்பிச்சிக்கு (அம்மாவோட அப்பா) ஒரத்துப்பாளையம் டேமுக்குக் கீழதான் விவசாயக் காடு. பாசனத்துக்குன்னு நொய்யல்ல கட்டுன டேமு சாயத்தண்ணி தேக்கற தொட்டியாப் போயி, தென்னையில குரும்பை நிக்காம உதிர்ந்து, ஆட்டுக்குக் கூட அந்தத் தண்ணி காட்ட மாட்டாரு. நான் இந்தக் கோர்ஸ்ல சேந்ததே அதனாலதான், இன்டர்வியூல இதச் சொன்னப்போ தலையாட்டினாங்க, அதோட சரி.

எங்களுக்கு ஒரு சார் வர்றாரு, கெஸ்ட் லெக்சரர், கிளாஸுக்கு இவ்வளவுன்னு சம்பளம், வாரத்துக்கு மூணு காலேஜ் ஓடறாரு. திருப்பூர்ல சாயத்தண்ணிய சுத்தம் பண்ற பொது சுத்திகரிப்பு நிலையம் ஒண்ணுக்கு எங்கள கூட்டிட்டுப் போகணும்னு லெட்டர் குடுத்தாரு. அஞ்சு வாரம் ஆபீஸ்ல கிடந்துட்டு பட்ஜெட் இல்லைன்னு திரும்பி வந்துச்சு. வேன் வாடகைய அவரே குடுத்துட்டாரு. அவரு மாசம் வாங்கறதுல அது எவ்வளவுன்னு எங்களுக்குத் தெரியுமுங்க.

அங்க ஐடிஐ படிச்ச ஆபரேட்டர் அண்ணன் ஒருத்தரு ரெண்டு கண்ணாடி கிளாஸ் காமிச்சாரு. உள்ள வர்ற தண்ணி கத்திரிக்காய் கலரு, ஆர்ஓ (உப்பப் பிரிக்கற ஃபில்டர்) தாண்டி வர்றது நம்ம குடிக்கற தண்ணி மாதிரி. அது திரும்ப பட்டறைக்கே போயிருது. எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டோம். அப்புறம் பின்னாடி கூட்டிட்டுப் போனாரு, அங்கதான் பாடமே. ஆர்ஓல மிஞ்சற உப்புத்தண்ணிய எவாப்பரேட்டர்ல காய்ச்சறாங்க, அதுக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு, எங்க ஹாஸ்டல் மொத மாடி உசரத்துக்கு அடுக்கி வெச்சிருக்கு. பக்கத்து ஷெட்ல மூட்டை மூட்டையா உப்பு. துணிக்கு உதவற உப்பப் பிரிச்சு திருப்பிக் குடுத்தர்றாங்களாம், மீதி கலப்பு உப்ப வாங்க ஆளில்லாம மழைபடாம காவல் காக்கறாங்க. "ஆத்தக் காப்பாத்தியாச்சு கண்ணு, இந்த மூட்டைய யார் தலையில கட்டறதுன்னுதான் தெரியல"ன்னு சிரிச்சாரு. எங்கள்ல ஒருத்தருக்கும் பதில் வரல, சாருக்குந்தான்.

அடுத்த கிளாஸ்ல சார் பிபிடிய தொறக்கவே இல்ல. அந்த விறகுக்கு கார்பன் கணக்கு போடுங்கன்னாரு. போட்டாத்தான் தெரியுது, டீசல் ஒரு லிட்டர் எரிஞ்சா கிட்டத்தட்ட 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடுன்னு ஸ்கோப் 1ல, அதாவது கம்பெனி நேரா விடற புகைக் கணக்குல, ஏறுது, விறகுல வர்ற கார்பன் டை ஆக்சைடு ஸ்கோப்புக்கு வெளிய தனி வரியில நிக்குது, மரம் மறுபடி முளைச்சு உறிஞ்சிக்குங்கற கணக்குல. முளைக்குதா, எந்தக் காட்டு மரம், யாரு பாத்தா? ரெண்டு மணி நேரம் சண்டை, பெல் அடிச்சும் ஒருத்தனும் எந்திரிக்கல. ரெண்டு வருஷத்துல எனக்கு காலேஜுன்னு இருந்தது அந்த ஒரு நாள்தாங்க.

இன்டர்ன்ஷிப் பத்தி நீங்க பெருசா எழுதியிருந்தீங்க. பங்குச்சந்தைய கண்காணிக்கற செபி 2022-23ல இருந்து டாப் 1000 லிஸ்டட் கம்பெனிக்கு பிஆர்எஸ்ஆர்ங்கற சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு ரிப்போர்ட்ட கட்டாயமாக்கிருச்சு, அதனால வேலை இருக்கு, நெசம். நான் பாத்த வேலை என்னன்னா பேக்டரி மெயின்டனன்ஸ் அண்ணனுக்கு தினமும் போன் பண்ணி டீசல் எத்தன லிட்டர், தண்ணி எத்தன லாரின்னு கேட்டு எக்ஸெல்ல ஏத்தறது. மூணு மாசத்துல அந்த பேக்டரி கேட்டக் கூட நான் பாக்கல.

பர்மனென்ட் வாத்தியாருங்களையும் முழுசா குத்தம் சொல்ல மாட்டேன். ரேங்கிங்குக்கு பேப்பர் பேப்பர்னு அவங்கள விரட்டறாங்க, வருஷத்துக்கு இத்தனை பப்ளிகேஷன் இல்லைன்னா இன்க்ரிமென்ட் நின்னுபோகும், இதுல எங்க நொய்யலுக்குப் போறது. (கேன்டீன்ல இன்னும் பிளாஸ்டிக் கப்புதான், எதையும் குப்பையாக்காம திரும்பப் பயன்படுத்தச் சொல்ற சர்க்குலர் எகானமி கிளாஸ் முடிஞ்சு அதுலதான் டீ குடிக்கறோம்.)

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்லைங்க. ஒரு செமஸ்டர பட்டறையிலயோ சுத்திகரிப்பு நிலையத்துலயோ வெச்சு நடத்துங்க, அந்த ஆபரேட்டர் அண்ணன கூப்பிட்டு பாடம் எடுக்கச் சொல்லி கெஸ்ட் லெக்சரருக்குக் குடுக்கற அதே காசக் குடுங்க. நீங்களும் அடுத்த தடவ இந்த மாதிரி கோர்ஸ் பத்தி எழுதறப்போ சம்பளப் பேக்கேஜ் எவ்வளவுன்னு கேக்கறதோட, வருஷத்துல எத்தன நாள் காலேஜுக்கு வெளிய போறாங்கன்னும் கேட்டுப் போடுங்க.

அடுத்த மாசம் மறுபடி போறோம், அந்த உப்பு மூட்டைக்கு என்ன வழின்னு அண்ணன்கூட உக்காந்து கணக்கு போட. வேன் காச இந்த தடவ நாங்களே பிரிச்சுட்டோம், சார்கிட்ட இன்னும் சொல்லல.

இப்படிக்கு,
எம்பிஏ ரெண்டாம் வருஷ மாணவி,
கோயமுத்தூர்