செஷம் பக்கத்துக் காட்டுக்கு உங்கள் பங்கும் வேண்டும்

வணக்கம்.

ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் ஹாரோ, வெம்பிளி பக்கமிருந்து மெட்ரோபாலிட்டன் ரயிலேறி செஷமில் இறங்கி, ப்ளூபெல் பூ பார்க்க எங்கள் காட்டுக்கு நடந்து வருகிறவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். புளியோதரைப் பொட்டலத்தோடு வரும் குடும்பங்கள், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு சேற்றில் திண்டாடும் இளம் தம்பதிகள், ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் என்று எல்லோரையும் அந்தப் பாதையில் பார்க்கலாம். அந்தக் காடு ஊர்க்காரர்கள் சேர்ந்து வாங்கி அறக்கட்டளையாக வைத்திருக்கும் சின்னக் காடு. அதைப் பராமரிக்கும் கமிட்டியில் நானும் இருக்கிறேன். கமிட்டியின் வேண்டுகோள் ஆங்கிலத்தில் வீடு வீடாகப் போய்விட்டது. தமிழில் நான் எழுதுவதற்குக் காரணம், அந்தப் பாதையில் நடக்கிறவர்களில் நாமும் இருக்கிறோம், ஆனால் நம்மிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை என்பதுதான்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பாதையோரத்தில் நோய் பிடித்த மரங்களை இறக்க, ஹேசலைச் சுற்றி மான் வேலி போட, பாதையைச் சீராக்க மொத்தச் செலவு 16,000 பவுண்டு. ஊரில் 6,000 சேர்ந்துவிட்டது. மீதி 10,000 செப்டம்பர் முடிவதற்குள் வேண்டும், ஏனென்றால் மரவேலை எல்லாம் பறவைகள் கூடுகட்டத் தொடங்குவதற்கு முன்னால், அதாவது பிப்ரவரிக்குள் முடிந்தாக வேண்டும், அதற்கு ஆட்களை இலையுதிர் காலத்திலேயே பேசி வைத்தால்தான் கிடைப்பார்கள்.

இதில் பாதிக்கு மேல், 9,000 பவுண்டு, பாதையோரத்து ஆஷ் மரங்களுக்குப் போகிறது. ஆஷ் டைபேக் என்ற நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிழக்கு ஆசியாவில் தோன்றிய ஒரு பூஞ்சை அது. அங்குள்ள ஆஷ் வகைகளை அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஐரோப்பிய ஆஷ் மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. பிரிட்டனில் 2012-இல் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. இந்த நாட்டு ஆஷ் மரங்களில் 80 சதவீதம் வரை இதனால் சாகும் என்று வல்லுநர்கள் எதிர்பார்க்கிறார்கள். கோடையில் வந்தால் தரையில் போன வருஷத்து இலைக்காம்புகள் கறுத்துக் கிடப்பதைக் குனிந்து பாருங்கள், அவற்றின் மேல் மிளகளவுகூட இல்லாத வெள்ளைக் குடைகள் முளைத்திருக்கும். அதிலிருந்து கிளம்பும் வித்துகள் காற்றில் ஏறி அடுத்த மரத்தின் இலைக்குப் போகின்றன, இலையிலிருந்து காம்பு, காம்பிலிருந்து கிளை. கிளை பிரியும் இடத்தில் பட்டை வைர வடிவத்தில் உள்வாங்கிக் கறுத்திருந்தால் அந்த மரத்துக்கு நோய் ஏறிவிட்டது என்று அர்த்தம். எங்கள் பாதையின் இரண்டு பக்கமும் அப்படித்தான் இருக்கிறது. ஜூலையில் பச்சைப் பசேலென்று இருக்க வேண்டிய உச்சி, வானம் தெரிய வெறிச்சோடி நிற்கிறது.

"மரத்தை வெட்டினால் விறகுக்கு விற்கலாமே, பணம் எதற்கு?" என்று கமிட்டிக் கூட்டத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆஷ் நல்ல விறகு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நோய் பிடித்த ஆஷ் உள்ளுக்குள் உலர்ந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வாள் பட்டதும் எந்தப் பக்கம் முறியும், மேலிருந்து எது உதிரும் என்று வெட்டுகிறவருக்கே தெரியாது. அதில் கயிறு கட்டி ஆள் ஏற முடியாது. பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தி, தொட்டிலில் நின்று, மேலிருந்து துண்டு துண்டாக இறக்க வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்கள்தான் அதைச் செய்யலாம். விறகு விற்று வரும் காசு இயந்திர வாடகைக்கே காணாது. வெட்டுவதற்கு முன் மரப்பொந்துகளில் வௌவால் தங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வௌவாலுக்கும் அது தங்கும் இடத்துக்கும் இங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. இதைச் செய்யாமல் விட்டால் பாதையை மூட வேண்டிவரும். நம் நிலத்து மரம் பொதுப்பாதையில் நடக்கிறவர் மேல் விழுந்தால் பொறுப்பு நம்முடையதுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், எல்லா ஆஷ் மரத்தையும் வெட்டப் போவதில்லை. பாதையிலிருந்து தள்ளி உள்ளே நிற்பவை அப்படியே நிற்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். செத்த மரம் மரங்கொத்திக்கு வீடு, வண்டுப் புழுக்களுக்குச் சாப்பாடு. அப்புறம், நோயைத் தாங்கி நிற்கும் மரங்கள் சில எப்போதும் இருக்கும், அவற்றின் விதையில்தான் நாளைய ஆஷ் இருக்கிறது. ஆகவே அவசரப்பட்டு எதையும் சாய்க்க நாங்கள் சம்மதிக்க மாட்டோம்.

அடுத்தது ஹேசல் என்ற, கொட்டை காய்க்கும் சிறு மரம். இங்கிலாந்துக் காடு என்றால் மனிதன் கை படாதது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. இங்கே 1600-ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாகவே இருந்துவரும் இடத்தைத்தான் பழங்காடு என்று கணக்கெடுக்கிறார்கள், அந்தப் பழங்காடுகளில் பெரும்பாலானவை நூற்றாண்டுக் கணக்கில் வேலை நடந்த இடங்கள். ஹேசலைத் தரையோடு ஒட்ட வெட்டிவிடுவார்கள், அடிக்கட்டையிலிருந்து பத்துப் பதினைந்து கொம்புகள் நேராகக் கிளம்பும், ஏழெட்டு வருஷத்தில் கைப்பிடி அளவு தடித்ததும் மறுபடி வெட்டுவார்கள். ஆட்டுப் பட்டிக்குத் தட்டி, அவரைக்குக் கொம்பு, வேலிக்குக் குச்சி, கூரை வேய முளை எல்லாம் அதிலிருந்துதான். இப்படி வெட்டப்பட்ட ஹேசல் சாவதில்லை, வெட்டாமல் விட்டதைவிடப் பல மடங்கு காலம் வாழும். வருஷத்துக்கு ஒரு துண்டு என்று மாற்றி மாற்றி வெட்டும்போது தரைக்கு வெயில் இறங்கும். ப்ரிம்ரோஸ், வயலட் எல்லாம் கிளம்பும். வயலட் இலையைத் தின்னும் புழுக்கள் பட்டாம்பூச்சியாகும். நம் ஊரில் கண்மாயைத் தூர்வாராமல் விட்டால் என்ன ஆகுமோ, வெட்டுவதை நிறுத்திய ஹேசல் காட்டுக்கும் அதேதான் ஆகிறது. கொம்புகள் தடித்து, சாய்ந்து, மேலே கூரை மூடி, கீழே இருட்டு.

இந்த சில்டர்ன் மலைப்பகுதியில் பீச் மரங்கள் இவ்வளவு இருப்பதற்கும் தொழில்தான் காரணம். பக்கத்து ஹை விக்கம் நாற்காலிக்குப் பேர்போன ஊர். 1875 வாக்கில் ஒரு நாளைக்கு 4,700 நாற்காலி செய்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. அந்த நாற்காலிகளுக்குக் கால் கடைந்தவர்கள் காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு, பச்சை பீச் மரத்தைப் பிளந்து, காலால் மிதித்து ஓட்டும் கடைசல் பட்டறையில் வேலை செய்தார்கள். பாட்ஜர்கள் என்று அவர்களுக்குப் பேர். அந்தத் தொழில் போயே போய்விட்டது, காடு மட்டும் நிற்கிறது, அதைக் கவனிக்க இப்போது காசும் தன்னார்வலர்களும்தான்.

ஹேசலை மறுபடி வெட்டத் தொடங்கலாம், ஆனால் வெட்டினால் மட்டும் போதாது. இளந்துளிர் வந்த மறுநாளே மான் வந்து தின்றுவிடும். இங்கே ரோ, ஃபாலோ தவிர முண்ட்ஜாக் என்று ஒரு குள்ள மான் பெருகிக் கிடக்கிறது. நம் மலைக்காடுகளில் கேளையாடு என்பார்களே, அதன் சீனத்து உறவு. சுமார் 1900-இல் பெட்ஃபோர்ட்ஷையரின் வோபர்ன் பண்ணைக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பியும் விடப்பட்டும் பரவியது. சாயங்காலத்தில் காட்டுக்குள் நாய் குரைப்பது போலக் கேட்டால் அதுதான். ஹேசல் துளிரையும் விடாது, ப்ளூபெல்லையும் விடாது. வெட்டும் துண்டைச் சுற்றி மான் வேலி போட 4,500 பவுண்டு. கொம்புகள் மானின் வாய்க்கு எட்டாத உயரம் போனதும் அதே வேலியைக் கழற்றி அடுத்த துண்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதால் இது ஒரு முறை செய்கிற செலவு.

வேலியடைத்த துண்டில் எனக்கு ஆசை எதன் மேல் என்று சொன்னால் கமிட்டியில் எல்லோருக்கும் தெரியும்: டோர்மவுஸ் என்ற எலி போன்ற சின்னப் பிராணி. கட்டைவிரல் நீளத்துக்கு உடம்பு, மயிர் அடர்ந்த வால், பொன்னிறம், ராத்திரியில் மட்டும் நடமாட்டம், அக்டோபர் வாக்கிலிருந்து வசந்தம் வரை தரையில் சருகுக்கடியில் உறக்கம். பார்ப்பது அபூர்வம், ஆனால் அது தின்றுபோட்ட ஹேசல் கொட்டையைக் கண்டுபிடிக்கலாம். அணில் கொட்டையை இரண்டாகப் பிளந்துவிடும். மர எலி துளை போட்டால் துளையின் விளிம்பில் குறுக்கே பல் பதிந்த கோடுகள் இருக்கும். டோர்மவுஸ் போட்ட துளை வட்டமாக, விளிம்பு வழவழவென்று விரலுக்கு வழுக்கும், வெளிப்பக்கம் மட்டும் சாய்வாகப் பல் தடம். காட்டின் கிழக்கு ஓரத்தில் எங்கள் தன்னார்வலர் ஒருவர் அப்படிப்பட்ட கொட்டைகளைப் பொறுக்கி வந்து மேஜையில் வைத்தபோது கூட்டத்தில் வேறெதுவும் பேச முடியவில்லை. 2000-க்குப் பிறகு இந்த நாட்டில் டோர்மவுஸ் எண்ணிக்கை 70 சதவீதம் குறைந்திருக்கிறது. கவனிக்காமல் விட்ட காடுகள் அதற்கு ஒரு முக்கியமான காரணம். வேலை நடக்கும் ஹேசல்தான் அதற்குச் சாப்பாடும் வழியும். ஆகவே அந்த ஓரத்தில் இயந்திரம் இறங்காது, கைவாளால் மட்டும் வெட்டுவோம்.

மீதி 2,500 பவுண்டு பாதைக்கு. பள்ளத்தில் வருஷம் முழுவதும் சேறு நிற்கும் இடத்தில் பலகைப் பாலம் போடுகிறோம், ஏறித் தாண்ட வேண்டிய படிவேலியை எடுத்துவிட்டுக் கதவு வைக்கிறோம். தள்ளுவண்டிக்காரர்களும் முழங்கால் வலிக்காரர்களும் இதற்காகவே கொடுக்கலாம். இதில் பூவுக்கும் லாபம் இருக்கிறது: சேற்றைத் தவிர்க்க எல்லோரும் ஓரமாக நடந்து நடந்து பாதை அகன்றுகொண்டே போகிறது, மிதிபட்ட ப்ளூபெல் மீண்டு வரப் பல வருஷம் ஆகும். உலகத்து ப்ளூபெல்லில் ஏறக்குறைய பாதி பிரிட்டனில்தான் இருக்கிறது. படம் எடுக்கப் பூவுக்குள் இறங்கி உட்கார வேண்டாம் என்பதையும் இந்தச் சாக்கில் கேட்டுக்கொள்கிறேன்.

இது அவர்கள் காடு, நாம் எதற்கு என்று யாருக்காவது தோன்றினால் அவர்களுக்கு ஒரு பழைய கதை. இங்கிருந்து சில மைல் தள்ளி பெர்க்கம்ஸ்டெட்டில் 1866-இல் லார்ட் பிரவுன்லோ பொதுநிலத்தின் நடுவே இரும்பு வேலி போட்டு அடைத்தார். மார்ச் மாதம் ஒரு ராத்திரி லண்டனிலிருந்து ரயிலில் வந்திறங்கிய கூலியாட்கள் வேலியை முழுக்கப் பிடுங்கி அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களை அனுப்பியவர் அகஸ்டஸ் ஸ்மித். வழக்கு நடந்து 1870-இல் பொதுமக்கள் பக்கம் தீர்ப்பானது. பர்னம் பீச்சஸ் காடு வீட்டுமனையாகாமல் 1880-இல் காப்பாற்றப்பட்டதும் லண்டன் மாநகராட்சி அதை வாங்கியதால்தான். நீங்கள் வரும்போது தலைக்கு மேல் வட்டமிடும் ரெட் கைட் பருந்துகள் இருக்கின்றனவே, இங்கிலாந்தில் அற்றுப்போன அவற்றை 1989-இலிருந்து ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளாகக் கொண்டுவந்து இந்த மலையில் விட்டார்கள். இந்த நிலத்தைக் காப்பாற்றியதில் வெளியிலிருந்து வந்தவர்களின் பங்கு எப்போதும் இருந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இது சொந்த ஊர். அவர்கள் ஓக் மரத்தையும் பீச் மரத்தையும் பேர் சொல்லி அடையாளம் காட்டுவதைக் கேட்டிருக்கிறேன், நமக்குத்தான் இன்னும் விருந்தாளி நினைப்பு.

சரி, எப்படிக் கொடுப்பது? 10 பவுண்டு கொடுத்தாலும் சந்தோஷம், இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து கொடுத்தாலும் சந்தோஷம். இங்கே வருமான வரி கட்டுகிறவர்கள் கிஃப்ட் எய்ட் படிவத்தில் பெயரும் வீட்டு முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டால், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து அறக்கட்டளைக்கு வரும். உங்களுக்கு அதனால் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை, தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். வங்கிக் கணக்கு விவரமும் படிவமும் காட்டு வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், என்னிடம் கேட்டாலும் அனுப்புகிறேன். யார் போன் செய்து கமிட்டிக்கு என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம், நாங்கள் போனில் பணம் கேட்பதில்லை.

பணம் தர வசதிப்படாதவர்கள் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வெட்டிய சுள்ளிகளைக் குவிக்க, வேலிக் கம்பிக்குக் கை பிடிக்க ஆள் வேண்டும். பழைய பூட்ஸும் தடித்த கையுறையும் போதும், டீ எங்கள் பொறுப்பு. பன்னிரண்டு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெரியவர்களோடு அழைத்து வரலாம், கைவாள் பிடிக்கக் கற்றுத் தருவோம்.

வரவு செலவு முழுவதும் வேலை முடிந்ததும் அதே பலகையில் ஒட்டப்படும், எனக்குத் தகவல் சொல்லி வைப்பவர்களுக்குத் தமிழிலும் எழுதி அனுப்புவேன். 10,000-க்கு மேல் சேர்ந்தால் மிச்சம் அடுத்த ஹேசல் துண்டுக்குப் போகும். குறைந்தால் முதலில் ஆஷ், பிறகு வேலி, கடைசியில் பாலம் என்று வரிசைப்படி செய்வோம்.