கிரைண்டர் காசைப் பிடிக்காதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே பினாங்கில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்கிறாள். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உன் தம்பி இதைப் படம் பிடித்து இன்று ராத்திரியே உனக்கு அனுப்பிவிடுவான்.

காலையில் நீ சொன்ன விஷயம்தான். உன் சாப்பாட்டுக் கடையில் மாவரைக்கும் பையன் கிரைண்டரை அப்படியே தண்ணீர் ஊற்றிக் கழுவி மோட்டாரை எரித்துவிட்டான், ரிப்பேருக்கு 480 வெள்ளி (ரிங்கிட்). அதை இந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடப் போவதாகச் சொன்னாய். இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதே. அனுப்பியிருந்தால் அவனை நேரில் கூப்பிட்டுப் பேசு.

1994-இல் எனக்கு வந்ததும் இதே வார்த்தைதான். அப்போது உனக்கு நாலு வயது. ஜார்ஜ்டவுனில் ஒரு இரும்புச் சாமான் கடையில் ஒன்பது வருஷம் ஸ்டோர் பார்த்தேன். ஸ்டாக் எண்ணும்போது இரண்டு பெட்டி ஆணி குறைந்தது. முதலாளி ஒன்றும் விசாரிக்கவில்லை. சாவிக்கொத்தை மேசையில் வைக்கச் சொன்னார், வைத்தேன். கோபம் தணிந்தால் கூப்பிடுவார் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை. கடைசியில் உன் மாமா திட்டித்தான் லேபர் ஆபீசுக்குப் போனேன். அவர்கள் என்னைத் தொழில்துறை உறவு இலாகாவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த மலாய்க்காரக் கிளார்க் மேசைக் காலண்டரை என் பக்கம் திருப்பி வைத்து, பென்சில் முனையால் ஒவ்வொரு நாளாகத் தொட்டு எண்ணினார். 71 நாள். வேலையிலிருந்து நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு கொடுத்திருக்க வேண்டும். "தாமதமாகிவிட்டது, ஐயா" என்றார். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். டீயை வைத்து என்ன செய்வது?

அந்த 60 நாள் கணக்கு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது, 1967-ஆம் வருஷத் தொழில்துறை உறவுச் சட்டத்தில். உன் கடைப் பையன் என்னைப் போல அசடாக இருப்பான் என்று நினைக்காதே. கையில் போன் வைத்திருக்கிறான்.

முதலில் அந்தக் காசு. சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று 1955-ஆம் வருஷ வேலைச் சட்டம், 24-ஆவது பிரிவில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. தவறுதலாகக் கூடக் கொடுத்த சம்பளம், வட்டியில்லாமல் கொடுத்த முன்பணம், இப்படி. உடைந்த சாமான் அதில் கிடையாது. அவனே "பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா" என்று சொன்னாலும் பிடிக்காதே. அவனுக்குக் கொடுப்பதே 1,700 வெள்ளி. சட்டம் சொல்லும் அடிமட்டச் சம்பளமே அதுதான், அதில் எங்கே கை வைப்பாய்?

அடுத்தது வேலையை விட்டு நிறுத்துவது. இரண்டு வருஷம் ஆகாதவனுக்கு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதவில்லை என்றால், நான்கு வாரம் நோட்டீஸ். சரி, நோட்டீஸ் கொடுத்தால் முடிந்தது என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். முடியாது. நம் மலேசியாவில் நோட்டீஸ் கொடுத்தாலும் நியாயமான காரணம் வேண்டும். தப்பு செய்தான் என்று சொன்னால், விசாரித்துவிட்டுத்தான் தண்டனை. ஒரு மோட்டார் எரிந்ததற்கு வேலையே போக வேண்டுமா என்று கேட்டால் உன்னிடம் என்ன பதில் இருக்கிறது? பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கழுவணும் என்று அவனுக்கு யாராவது காட்டிக் கொடுத்தீர்களா? அதை முதலில் உன் சமையற்காரரிடம் கேள்.

என் கேள்வி வேறு. அவன் வந்து பதினோரு மாதம் ஆகிறது. ஒரு மாதத்துக்கு மேல் வேலை என்றாலே ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். இருக்கிறதா? இபிஎஃப் சேமநிதி? 1,700-க்கு உன் பங்கு 13 சதவீதம், 221 வெள்ளி. அவன் சம்பளத்திலிருந்து 11 சதவீதம், 187. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும், சொக்சோ காப்புறுதிக்கும் அதே தேதிதான். 187-ஐப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுவது அவன் காசைத் திருடுவதுதான், வேறு பெயர் கிடையாது. அந்த ஆணிக் கடையை விட்டு வந்தபிறகு என் இபிஎஃப் கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஏழு மாதம் காலி. சம்பளச் சீட்டில் மட்டும் ஒவ்வொரு மாதமும் பிடித்தது பிடித்தபடி இருந்தது. அந்தச் சீட்டுகளை அம்மா இன்னும் பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறாள், எதற்கென்று தெரியவில்லை.

அப்புறம், போன தடவை பிரிக்பீல்ட்ஸுக்கு உன் கடைக்கு வந்தபோது கல்லாப்பெட்டியில் அந்த மியன்மார்ப் பெண்ணின் பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். ஆட்கள் முன்னால் கேட்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஓடிவிடுவாள் என்று எல்லாரும்தான் வாங்கி வைக்கிறார்கள், எனக்கும் தெரியும். அது குற்றம். நாளைக்கே அவள் கையில் கொடுத்துவிடு.

பையன் விஷயத்தில் உனக்கும் நஷ்டம், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுது. என்ன நடந்தது, எந்தத் தேதி, அவன் என்ன சொல்கிறான், இனிமேல் எப்படிக் கழுவ வேண்டும், அவ்வளவு போதும். அவன் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதி அவனிடம் கொடு. கோபத்தோடு எழுதாதே, மத்தியான வியாபாரம் முடிந்தபிறகு உட்கார்ந்து எழுது. மலாயில் எழுது. அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று நீதானே சொன்னாய். கொடுப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

கிரைண்டருக்கு வாரண்டி இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா