நிற்கவைத்தும் பிரஷர் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுமையில் ரத்த அழுத்தம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ரத்தக் குழாய் விறைத்துப்போவதால் மேல் அளவு ஏறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஹார்மோன்களைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி தெரியாததால் 73 வயதில் கீழே விழுந்தவன் நான்.

விடியற்காலை சிறுநீர் கழிக்க எழுந்தேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் கண் இருட்டியது. நெற்றி கதவில் மோதியது. மறுநாள் மகள் வீட்டுக் கருவியில் அளந்தாள். உட்கார்ந்தபோது மேல் அளவு 146. எழுந்து நின்று இரண்டாவது நிமிடம் 114. அதுவரை மாதாமாதம் உட்காரவைத்தே பார்த்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

எழுந்து நின்றதும் ரத்தம் கால் பக்கம் இறங்கும். உடனே நார்அட்ரினலின் சுரந்து இதயத்தை முடுக்கும், குழாய்களை இறுக்கும். சிறுநீரகம் விடும் ரெனின், குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சினை உண்டாக்கும். அப்புறம் ஆல்டோஸ்டிரோன் உப்பைப் பிடித்துவைக்கும். வயதானால் ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டுமே குறைகின்றன. நார்அட்ரினலின் குறைவதில்லை, ரத்தத்தில் கூடத்தான் செய்கிறது. ஆனால் இதயம் முன்போல் அதன் சொல்லைக் கேட்பதில்லை.

ரெனின் குறைந்தால் பிரஷர் இறங்கத்தானே வேண்டும்? நானும் மருத்துவரிடம் இதையேதான் கேட்டேன். சிறுநீரகத்துக்கும் வயதாகிறதே என்றார். கூடுதலாகச் சாப்பிட்ட உப்பை அதனால் சட்டென்று வெளியேற்ற முடியாது, பிரஷர் ஏறும். ஒருநாள் வயிற்றுப்போக்கு வந்தால் போகிற உப்பைப் பிடித்துவைக்கவும் தெரியாது, சரிந்துவிடும். தாகமும் மங்கிவிடுவதால் தண்ணீர் குடிக்கத் தோன்றாது. இரவில் நீரைச் சேமிக்கச் சொல்லும் வாசோபிரசினின் வேலையும் தளர்ந்துபோகிறது. அந்த நேரத்தில் நான் எழுந்ததற்கே அதுதான் காரணமாக இருக்கலாம்.

அடுத்த முறை எழுதும்போது இதையும் சேருங்கள். ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறை, எழுந்து நின்று முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அளக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. எனக்கு அவர்தான் ஒன்றைக் குறைத்தார். இப்போது கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டுத்தான் எழுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்