நாற்காலி போட வந்தவர்களுக்கு

அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தாருக்கும் பங்குச் சாமிக்கும்,

பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் எங்கள் கல்யாண ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தால் சாமியிடம் சொல்லச் சொன்னார்கள். யாரும் சொல்லவில்லை. எங்களுக்குத் தடை வந்தது போன வருசம், மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும். கையில் காசில்லை. இவர் எனக்குத் தெரியாமல் வட்டிக்கு வாங்கினார். நான் கத்தினேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். மீதி தெருவுக்கே தெரியும்.

அன்பியத் தலைவி அக்கா, அந்த வாரக் கூட்டம் எங்கள் முறையே இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் என்று அறிவித்துவிட்டு என்னைத் தேடி வந்தீர்கள். "வீடு கிடக்கிற கிடைக்கு யாரை உட்கார வைக்க? வந்து பெருக்கிப் போட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிரு" என்றீர்கள். வந்தால், இவர் கோயில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருக்கிறார். செபமாலை முடிந்ததும் பைபிளில் எபேசியர் நான்காம் அதிகாரம்: "பொழுது சாய்வதற்குள் உங்கள் சினம் தணியட்டும்." தற்செயலாக வந்த வாசகம் என்றீர்களே அக்கா, அதை நான் இன்னும் நம்பவில்லை.

யாரும் எங்களை ஒரு கேள்வி கேட்கவில்லை. சுண்டல் தின்றீர்கள், போய்விட்டீர்கள். "நாற்காலியைக் காலையில் எடுத்துக்கிறோம்" என்றவர்கள் மூன்று நாள் எட்டிப் பார்க்கவில்லை. பதினெட்டு நீல நாற்காலிக்கு நடுவே எவ்வளவு நேரம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பது? அவர் ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம். அடுக்கினோம்.

அப்புறம் வின்சென்ட் தே பவுல் சபை அண்ணன்மார். 1833இல் பாரிசில் மாணவர்கள் தொடங்கிய சபை. அதே வழக்கப்படி இரண்டு பேராக வீடு தேடி வந்தீர்கள், அரிசி தந்தீர்கள், கடன்காரரிடம் தவணை பேசினீர்கள். வெளியே சொல்லக் கூடாது என்பது உங்கள் முறை. நான் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.

சாமி, நீங்கள் இவரோடு கோயில் படியில் இரண்டு மணி நேரம் என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின பயிற்சியில் வரவு செலவு பற்றிச் சொன்னபோது நான் தூங்கிவிட்டேன், சான்றிதழ் கிடைத்தால் போதும் என்று இருந்த வயசு. அதே வகுப்பைப் பத்து வருசம் ஆனவர்களுக்கும் வையுங்கள். முதல் ஆளாக வருகிறோம்.

இந்த வாரக் கூட்டம் நிஜமாகவே எங்கள் முறை. சுண்டலை நான் பார்த்துக்கொள்கிறேன். நாற்காலியை மட்டும் இந்தத் தடவை அன்றைக்கே எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
கடற்கரைத் தெருவிலிருந்து உங்கள் தங்கச்சி