மூடுபனியை அழிக்காதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி, நான் விசாரித்ததாகச் சொல். இங்கே கேப் டவுனில் எல்லாரும் நலம். சின்னவள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

சரி, உன் பெலிக்கன் படத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டரில் மூடுபனியை நீக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தயவுசெய்து வேண்டாம். உங்கள் டர்பனின் உம்கேனி கழிமுகத்தில் வெயிலடிக்கும் படங்கள் எத்தனையோ உண்டு. அந்தப் பறவை வெண்மைக்குள்ளிருந்து பாதி மட்டும் தெரிவதுதான் உன் படத்தின் உயிர். படம் அழுக்குச் சாம்பலாக இருப்பது பனியின் குற்றமில்லை. கேமரா எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே அளக்கும். அடுத்த முறை எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரண்டு மடங்காக, கூட்டி வை, பனி வெள்ளையாகவே வரும்.

உங்கள் பக்கம் அகுல்யாஸ் வெந்நீரோட்டம். இங்கே மேற்குக் கரையில் பெங்குவேலா குளிர்நீரோட்டம். அந்தக் குளிர்ந்த நீர்மேல் ஈரக்காற்று வந்தால் கடலே மூடிக்கொள்ளும். போன வாரம் இந்தக் கரையிலுள்ள பேட்டர்னாஸ்டர் ஊரில் அப்படித்தான், கலங்கரை விளக்கம்கூடத் தெரியவில்லை. பெரிய லென்ஸ் உதவாது, இடையில் நிற்கும் நீர்த்துளிகளும் சேர்ந்துதான் படத்தில் வரும். பாறையோரம் தாழ்ந்து உட்கார்ந்தேன். அலை ஏற ஏற ஒரு கறுப்பு ஆய்ஸ்டர்கேச்சர், சிப்பி தின்னும் கரைப்பறவை, தானாகவே மேலே வந்தது. மை போன்ற உடல், சிவந்த நீள அலகு, கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். அலகின் நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்கியது. சுற்றிலும் வேறு நிறமே இல்லை. வெற்றுப் பனியில் ஃபோகஸ் அலைந்துகொண்டே இருக்கும், ஒற்றை ஃபோகஸ் புள்ளியை அந்த அலகு ஓரத்தில் வைத்ததும் பிடித்துக்கொண்டது.

இவை பெரும்பாலும் கடற்கரை மணலில் முட்டையிடும். பொழுதுபோக்குக்காக அங்கே வண்டி ஓட்டுவதை 2002-இல் தடை செய்தது இவை பெருக உதவியது. கோடையில் முட்டையிடும் காலத்தில் நான் அலை எட்டாத மேல்மணலில் கால் வைப்பதே இல்லை. நல்ல படம் போனால் போகட்டும்.

அப்புறம், ஏசி போட்ட காரிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுக்காதே. பையிலேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும், இல்லாவிட்டால் லென்ஸ் வியர்த்துவிடும்.

ஜூலைக் குளிரில் டர்பன் வருகிறேன். பீச்வுட் அலையாத்திக் காட்டுக்குக் குளிர்காலத்தில் வரும் மீன்கொத்தியைச் சேர்ந்து பார்ப்போம். விடிவதற்குள் அங்கே இருக்க வேண்டும், தம்பியிடம் இப்போதே வண்டி கேட்டு வை.

அன்புடன்,
உன் நண்பன்