விண்ணப்பம் வாசிப்பது சலிப்பான வேலையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் செயற்கை நுண்ணறிவைப் பற்றி வந்த கட்டுரையில், விண்ணப்பங்களை வாசிப்பது போன்ற சலிப்பூட்டும் வேலைகளை இனி இயந்திரம் பார்த்துக்கொள்ளும், மனிதவளத் துறையினர் முக்கியமான வேலைகளைக் கவனிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. நான்கு நாளாக அந்த வரி என்னை விடவில்லை. இருபத்தாறு வருடம் அந்தச் சலிப்பூட்டும் வேலையைத்தான் நான் பார்த்தேன். அதைவிட முக்கியமான வேலை எது என்று கட்டுரை முழுக்கத் தேடினேன், எங்கும் சொல்லவில்லை.

1991-ல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்து, பர்சனல் ஆபீசராக ஓய்வு பெற்றவள் நான். அப்ரென்டிஸ் எடுக்கும் மாதம் என்றால் மேஜையில் பயோடேட்டா குவிந்துவிடும். பாதி கையால் எழுதியது, சிலது தமிழில். ஒருமுறை அரக்கோணம் பக்கத்துப் பையன் ஒருவன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து இரண்டு வருடம் என்ன செய்தான் என்று எழுதாமல் விட்டிருந்தான். வரச் சொல்லிக் கேட்டேன். அப்பா விழுந்து படுக்கையில் இருந்தாராம், அதனால் ஊரிலேயே மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்த்திருக்கிறான். அந்தக் கடையில் சர்ட்டிஃபிகேட் தரமாட்டார்கள் என்பதால் எழுதவில்லை என்றான். எடுத்தோம். பத்து வருடம் கழித்து, இரண்டாம் ஷிப்டில் எந்த மெஷின் நின்றாலும் மெயின்டனன்ஸில் முதலில் அவனைத்தான் தேடினார்கள்.

இப்போது அந்த பயோடேட்டா யார் கைக்கும் வந்திருக்காது. 2021-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் வெளியிட்ட ஆய்வு ஒன்றே சொல்கிறது, ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் பல கம்பெனிகளின் மென்பொருள் அந்த விண்ணப்பத்தைத் தானாகவே ஒதுக்கிவிடுகிறது என்று. பிரசவத்துக்காக நின்றவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் எல்லோரும் அதில் அடக்கம்.

அமேசான் கதை உங்களுக்குத் தெரியாதது அல்ல. 2014-ல் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க ஒரு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார்கள். பத்து வருடமாக வந்த விண்ணப்பங்களை வைத்துப் பழக்கினார்கள், அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அது 'மகளிர்' என்ற சொல் வந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது, இரண்டு பெண்கள் கல்லூரிகளில் படித்தவர்களையும் கீழே தள்ளியது. கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். 2018-ல் ராய்ட்டர்ஸ் எழுதித்தான் வெளியே தெரிந்தது. நம் ஊரில் ராணி மேரியிலும் எத்திராஜிலும் படித்த பெண்கள் கல்லூரிப் பெயரை மறைத்தா பயோடேட்டா எழுத முடியும்? இரண்டு பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இடம் இல்லாமல் போனது எனக்கு வருத்தம்.

என் தங்கை மகள் போன மாதம் ஒரு கம்பெனிக்கு இரவு 11.40-க்கு விண்ணப்பம் அனுப்பினாள். 11.46-க்குப் பதில் வந்தது, 'உங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம்' என்று. அந்த ஆறு நிமிடத்தில் யார் பரிசீலித்தார்கள்? இன்னொரு இடத்தில் இன்டர்வியூ என்று சொல்லி லேப்டாப் கேமரா முன்னால் இருபது நிமிடம் தனியாகப் பேச வைத்தார்கள். கேள்வி திரையில் வருகிறது, எதிரில் ஆள் இல்லை. தெரிந்த பதிலைக்கூட யார் முகத்தைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் தடுமாறியதாகச் சொல்லி அழுதாள். நான் நிறைய பேரை வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறேன், அது சந்தோஷமான வேலை அல்ல. ஆனால் ஏன் மேடம் என்னை எடுக்கவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஒரு ஆள் இருந்தேன்.

இது இன்றைக்குத் தொடங்கியதும் அல்ல. பர்சனல் டிபார்ட்மென்ட் என்ற பெயரை எடுத்துவிட்டு மனிதவளம் என்று போர்டு மாட்டிய நாளிலேயே எனக்கு உறுத்தியது. நீர்வளம், கனிமவளம் மாதிரி மனிதரும் ஒரு வளமாகிவிட்டார். அப்புறம் சம்பளப் பட்டியல் போடும் வேலை வெளிக் கம்பெனிக்குப் போனது, கேட்டுக்குள் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் கான்ட்ராக்ட் ஆட்கள் என்றானது, பி.எஃப். சந்தேகம் கேட்க வருகிறவரை 'டிக்கெட் போடுங்கள்', அதாவது கம்ப்யூட்டரில் புகாரைப் பதியுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். இப்போது அந்த இடத்தில் கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட் மென்பொருள். இறந்துபோன ஒரு தொழிலாளியின் மனைவிக்கு பென்ஷன் வாங்கித் தர நான் ஏழு மாதம் அலைந்தேன். பி.எஃப். கணக்கில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் இனிஷியலை விரித்து எழுதிய பெயர், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அத்தனை நாள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு என்பதை அந்தச் சாட்பாட்டுக்கு அந்த அம்மா எப்படிப் புரிய வைப்பார்?

இயந்திரமே வேண்டாம் என்று சொல்கிறவள் அல்ல நான். ஓவர்டைம் கணக்கைக் கம்ப்யூட்டர் போட ஆரம்பித்தபோது முதலில் சந்தோஷப்பட்டது நான்தான். எங்கள் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டரால் இயங்கும் சி.என்.சி. மெஷின்கள் வந்தபோது, 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவின்படி 21 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுத்தோம். ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய புதிய தொழில்நுட்பம் கொண்டுவருவதானால் அப்படிக் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. யூனியன் சண்டை போட்டது, கேன்டீன் அறையில் மூன்று மாதம் பேசினோம், கடைசியில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் 12(3) செட்டில்மென்ட் என்ற ஒப்பந்தம் போட்டு, பழைய லேத்தில் இருந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து சி.என்.சி.க்கு மாற்றினோம். ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை. புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்த 21 நாள் நோட்டீஸ் இருக்கிறது. ஆட்குறைப்பு செய்தால் ஒவ்வொருவருக்கும் 15 நாள் சம்பளத்தை மறுபயிற்சி நிதியில் கட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. வேலை போகும், வேலை மாறும் என்று வாராவாரம் எழுதுகிறவர்களில் யாராவது இதைச் சொன்னார்களா? 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோதே இதைப் பற்றி உங்களுக்கு எழுதினேன். அது வெளியாகவில்லை. இடம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

நியூயார்க் நகரத்தில் 2023 ஜூலை முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆள் எடுக்க இப்படிப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்தினால் அதில் பாரபட்சம் இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும், விண்ணப்பிக்கிறவருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இங்கே அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பத்திரிகையில் வேலைவாய்ப்பு விளம்பரம் தருகிறவர்களிடம் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: விண்ணப்பத்தை வாசிப்பது ஆளா மென்பொருளா, விவரம் கேட்க எந்த நம்பரில் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். இந்தக் கடிதத்தில் இடம் கருதி எதையாவது குறைப்பதாக இருந்தால், அரக்கோணத்துப் பையனைப் பற்றி எழுதியதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பர்சனல் ஆபீசர்,
அம்பத்தூர்.